சோங்சிங் மெட்ரோ நிலையங்கள் ஏன் இவ்வளவு ஆழத்தில் இருக்கின்றன?

கேள்வி: சீனாவின் சோங்சிங் நகரத்தில் தரைக்குக் கீழே 116 மீட்டர் ஆழத்தில் ஒரு மெட்ரோ நிலையம் இருப்பதாக வீடியோ பார்த்தேன். ஒரு எஸ்கலேட்டர் முடிந்தால் இன்னொன்று, அது முடிந்தால் மற்றொன்று என்று போய்க்கொண்டே இருக்கிறது. உண்மையா? எதற்காக அவ்வளவு ஆழம்? அடுத்த வருடம் முழங்கால் வலி உள்ள அப்பாவை அழைத்துக்கொண்டு அந்த ஊருக்குப் போக நினைக்கிறேன். சமாளிக்க முடியுமா?

பதில்:

உண்மைதான். நீங்கள் பார்த்தது ஹோங்யான்சுன் நிலையமாக இருக்க வேண்டும். 9-ஆம் வழித்தடத்தின் முதல் கட்டத்தோடு 2022 ஜனவரியில் திறந்தார்கள். மேலே உள்ள நிலத்துக்கும் அந்தத் தடத்தின் நடைமேடைக்கும் இடையே 116 மீட்டர். 2023-இல் 5-ஆம் வழித்தடமும் அங்கே வந்து சேர்ந்தது. அதற்கு முன்பு அந்த ஊரில் ஆழத்துக்குப் பேர் வாங்கியிருந்தது ஹோங்டுடி நிலையம். அங்கே 10-ஆம் வழித்தடத்தின் நடைமேடை 94 மீட்டருக்குக் கீழே இருக்கிறது. ஒரு மாடிக்கு 3 மீட்டர் என்று வைத்தால் 31 மாடி.

ஆனால் இதை யாரும் மேலிருந்து 116 மீட்டர் குழி தோண்டிக் கட்டவில்லை. அப்படி நினைத்துக்கொண்டு பார்த்தால் சோங்சிங் மெட்ரோ முழுக்க ஏதோ வீம்புக்குச் செய்த வேலை மாதிரிதான் தெரியும். ரயில் ஏறக்குறைய ஒரே மட்டத்திலேயே போகிறது. அதன் தலைக்கு மேல் மலை ஏறி இறங்குகிறது. மலை உச்சிக்கு நேர் கீழே நிலையம் அமைந்தால் அது ஆழமான நிலையம். மலை முடிந்து ஆறு வந்தால் அதே ரயில் பாலத்தின் மேல் போகிறது. கோணி ஊசி மூட்டைக்குள் நுழைந்து மறுபக்கம் வருவதுபோலத்தான்.

நகரத்தின் அமைப்பைக் கொஞ்சம் சொன்னால் இது விளங்கும். யாங்சியும் ஜியாலிங்கும் கூடும் இடத்தில் இருக்கிறது சோங்சிங். இரண்டு ஆறுகளுக்கும் நடுவே நாக்கு நீட்டியதுபோல் ஒரு நீண்ட பாறை மேடு. பழைய நகரம் அதன் மேல்தான். இன்றைக்கு யூசோங் மாவட்டம் என்கிறார்கள். ஆற்றங்கரைக்கும் அந்த மேட்டின் முகட்டுக்கும் உயர வித்தியாசம் 150 மீட்டருக்கு மேல். அதுவும் மெதுவாக ஏறும் சரிவு கிடையாது, பல இடங்களில் செங்குத்து. ஆற்றைத் தாண்டினால் அந்தப் பக்கமும் மேடு பள்ளம்தான். சீனாவின் பெருநகரங்கள் பலவற்றைப் போலச் சமவெளியில் கட்டம் போட்டு வளர்ந்த ஊர் இல்லை இது.

இனி ரயிலுக்கு வருவோம். இரும்புத் தண்டவாளத்தில் ஓடும் இரும்புச் சக்கரத்துக்குப் பிடிமானம் குறைவு. சாதாரண மெட்ரோ ரயிலுக்கு நூறு மீட்டர் ஓடினால் மூன்று மீட்டர் ஏற்றம் என்பதுதான் வசதியான உச்ச அளவு. கஷ்டமான இடத்தில் அதற்குமேல் கொஞ்சம் போகலாம், அவ்வளவுதான். நிலையத்துக்குள் தண்டவாளம் கிட்டத்தட்டச் சமமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நின்ற ரயில் உருளும். இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். அடுத்தடுத்த இரண்டு நிலையங்களுக்கு இடையே ஒரு கிலோமீட்டர். முழு ஏற்றமும் போட்டால்கூட ரயில் 30 மீட்டர்தான் ஏற முடியும். அதே ஒரு கிலோமீட்டருக்குள் தெரு 100 மீட்டர் ஏறிவிட்டால்? மீதி 70 மீட்டரைப் பயணிதான் ஏற வேண்டும். அந்த 70 மீட்டர்தான் எஸ்கலேட்டராக உங்கள் வீடியோவில் வருகிறது.

சரி, மேட்டின் மேல் ஏற முடியாது. மேட்டின் அடியில் ஆழம் குறைவான ஒரு மட்டத்தைப் பிடித்தால் என்ன என்று கேட்கலாம். அங்கேதான் ஆறு வந்து கையைப் பிடிக்கிறது. சோங்சிங்கில் பெரும்பாலான தடங்கள் ஆற்றைப் பாலத்தில்தான் கடக்கின்றன. யாங்சியில் பெரிய சரக்குக் கப்பல்கள் ஓடுகின்றன. கோடை வெள்ளத்தில் நீர்மட்டம் எக்கச்சக்கமாக ஏறும். போதாக்குறைக்கு, முப்பள்ளத்தாக்கு (த்ரீ கோர்ஜஸ்) அணையின் நீர்த்தேக்கம் நிரம்பும்போது அதன் பின்னீர் இந்த நகரம் வரை வந்து நிற்கும். ஆக, பாலம் நல்ல உயரத்தில் இருந்தாக வேண்டும். பாலத்தின் உயரம் முடிவானால் இரு கரையிலும் ரயில் மலைக்குள் நுழையும் உயரமும் முடிவாகிவிட்டது. அங்கிருந்து நூற்றுக்கு மூன்று என்ற கணக்கில் எவ்வளவு ஏற முடியுமோ அவ்வளவுதான். நிலையத்தின் ஆழத்தைத் தீர்மானிப்பதில் ஆற்றுக்கும் பெரிய பங்கு உண்டு. இதை அதிகம் பேர் கவனிப்பதில்லை.

இதை உடம்பால் உணர 6-ஆம் வழித்தடத்தில் ஷியாவ்ஷிட்சு நிலையத்தில் ஏறிப் பாருங்கள். பழைய நகரத்தின் நடுவில், தெருவுக்கு ரொம்பக் கீழே உள்ள நிலையம் அது. வடக்கே போகும் ரயிலில் ஏறி, கதவு மூடி, இருட்டுச் சுரங்கத்தில் கொஞ்ச நேரம் போகும். திடீரென்று ஜன்னல் முழுக்க வெளிச்சம். சியான்சிமென் பாலத்தின் கீழ்த்தளத்தில் போய்க்கொண்டிருப்பீர்கள். தலைக்கு மேல் கார்கள், காலுக்குக் கீழே வெகு தூரத்தில் ஜியாலிங் ஆறு. பாலத்தின் இரும்புச் சட்டங்கள் ஜன்னலில் ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டு போகும், அவற்றின் இடைவெளியில் ஆற்றங்கரைக் கட்டடங்கள் தெரியும். போட்டோ எடுக்க ஃபோனைத் தூக்குவதற்குள் மறுபடி இருட்டு. அடுத்த நிலையத்தின் பெயர் ‘பெரிய நாடக அரங்கம்’, அதுவும் பூமிக்கு அடியில். சுரங்கம், பாலம், சுரங்கம் என்று மூன்றும் இரண்டொரு நிமிடத்தில் வந்துபோகும். இவ்வளவுக்கும் ரயில் பெரிதாக ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. எதிர்த்திசையில் போனால் தோங்ஷுய்மென் பாலத்தில் யாங்சியையும் இதே மாதிரி கடக்கலாம்.

இந்த நகரம் முதலில் தேர்ந்தெடுத்தது ஆழமான சுரங்கத்தை அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். 2-ஆம் வழித்தடம்தான் சோங்சிங்கின் முதல் தடம். 2004 கடைசியில் சோதனை ஓட்டம், 2005-இல் முறையான சேவை. அது ஜப்பானியத் தொழில்நுட்பத்தில் அமைந்த மோனோரயில். ஒற்றைக் கான்கிரீட் உத்தரத்தின் மேல் ரப்பர் டயரில் ஓடும். ரப்பருக்குப் பிடிமானம் அதிகம், நூற்றுக்கு ஆறு வரை ஏறும், இறுக்கமான வளைவிலும் திரும்பும். ஜியாலிங் கரையோரமாகவே பாறையை ஒட்டிப் போகும். லிட்சுபாவில் 19 மாடிக் கட்டடத்தின் 6 முதல் 8-ஆம் மாடிக்குள் ரயில் நுழைந்து வெளியே வருவதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். கட்டடத்தைத் துளைத்து ரயில் விட்டார்கள் என்று எழுதுவார்கள். அப்படியில்லை, நிலையமும் கட்டடமும் சேர்த்தே திட்டமிட்டுக் கட்டியவை. ரயிலின் தூண்கள் தனி, குடியிருப்பின் தூண்கள் தனி. அதிர்வு வீட்டுக்குள் போகாமல் இருக்க இரண்டுக்கும் நடுவே இடைவெளி விட்டிருக்கிறார்கள்.

மோனோரயில் மலையோடு நன்றாக ஒத்துப்போனது. கூட்டத்தோடு ஒத்துப்போகவில்லை. 3-ஆம் வழித்தடமும் மோனோரயில்தான். ஊரை வடக்கு தெற்காகக் கோக்கிற தடம், விமான நிலையத்துக்கும் அது போகும். பெட்டிகளின் எண்ணிக்கையை எட்டாகக் கூட்டிய பிறகும் நெரிசலுக்குப் பேர்போன தடமாகவே இருக்கிறது. 2011-இல் திறந்த 1-ஆம் வழித்தடத்துக்கும், 3-க்குப் பிறகு வந்த எண் தடங்களுக்கும் இரும்புச் சக்கர ரயிலைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். பெட்டி நீளம், அதிகம் பேர் ஏறலாம். ஆனால் ஏறும் திறன் பாதியாகிவிட்டது. ஏற முடியாத ரயிலுக்கு மலையைக் குடைவதைத் தவிர வேறு வழியில்லை. சுருக்கமாகச் சொன்னால், மலையேறும் ரயிலை விட்டுவிட்டு ஆளேற்றும் ரயிலை எடுத்துக்கொண்டார்கள். இந்த ஆழங்கள் அதற்குக் கொடுத்த விலை. என் கணக்கில் அது சரியான முடிவுதான்.

பிறகு இரண்டுக்கும் நடுவில் ஒரு சமாதானமும் கண்டுபிடித்தார்கள். மலை நகரத்துக்கென்றே ஒரு அகலப் பெட்டி ரயிலை உருவாக்கினார்கள். மோட்டார் சக்தியைக் கூட்டி, நூற்றுக்கு ஐந்து வரை ஏறும்படி செய்தார்கள். 5, 9, 10-ஆம் வழித்தடங்களில் அதுதான் ஓடுகிறது. ஆனால் ஹோங்டுடியும் ஹோங்யான்சுன்னும் இந்தத் தடங்களில்தானே இருக்கின்றன? ஆமாம். நூற்றுக்கு ஐந்து என்றாலும் ஒரு கிலோமீட்டருக்கு 50 மீட்டர்தானே. 100 மீட்டர் மலைக்கு அதுவும் போதாது.

ஹோங்டுடிக்கு இன்னொரு காரணமும் உண்டு. 6-ஆம் வழித்தடம் அங்கே 2012-இலேயே வந்துவிட்டது. அந்த நடைமேடையே சுமார் 60 மீட்டர் ஆழம். 2017 டிசம்பரில் திறந்த 10-ஆம் வழித்தடம் அதைக் குறுக்காகக் கடக்க வேண்டியிருந்தது. ஏற்கெனவே ரயில் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பெரிய குகைக்குக் கீழே இன்னொரு பெரிய குகையைக் குடைவதென்றால் இரண்டுக்கும் நடுவில் தாராளமாகப் பாறையை விட்டுவைக்க வேண்டும். 60 மீட்டர் என்பது 94 ஆனது இப்படித்தான். பின்னால் வருகிற தடம் பெரும்பாலும் முன்னால் வந்ததற்குக் கீழே போக வேண்டியிருக்கும் என்பது எந்த ஊர் மெட்ரோவுக்கும் உள்ள தலையெழுத்து. சோங்சிங்கில் முன்னால் வந்ததே பாதாளத்தில் இருந்தது, அதுதான் வித்தியாசம்.

குடையும் விதத்தைப் பார்த்தால், இந்த ஆழம் பொறியாளர்களுக்குப் பாதி வரம். ஷாங்காயை எடுத்துக்கொள்ளுங்கள். அது ஆற்று வண்டலும் சேறும் நிறைந்த கடற்கரைச் சமவெளி. நிலத்தடி நீர் காலுக்குக் கீழேயே இருக்கிறது. அங்கே நிலையம் கட்ட, முதலில் சுற்றிலும் ஆழமான கான்கிரீட் சுவர் இறக்கி, நடுவில் உள்ள மண்ணை அள்ளி, பெட்டி மாதிரி கட்டி, மேலே மூடுவார்கள். அதுவரை தெரு அடைபட்டுக் கிடக்கும். சோங்சிங்கின் அடியில் இருப்பது ஜுராசிக் காலத்துச் செந்நிற மணற்கல்லும் களிமண்பாறையும். கிரானைட் அளவுக்குக் கடினமில்லை, ஆனால் குடைந்தால் நிற்கும். பக்கவாட்டில் ஒரு சரிவான வேலைப்பாதை போட்டு உள்ளே போய், வெடி வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குகையை அகலப்படுத்துவார்கள். முழு அகலத்தையும் ஒரே மூச்சில் உடைக்க மாட்டார்கள். முதலில் இரண்டு ஓரங்களில் சிறு சுரங்கம், அப்புறம் கூரைப் பகுதி, கடைசியில் நடுவில் நிற்கும் பாறை. உடைத்த இடத்தில் உடனுக்குடன் இரும்புக் கம்பிகளைப் பாறைக்குள் செலுத்தி, கான்கிரீட்டைப் பீய்ச்சி அடித்துக் கெட்டிப்படுத்துவார்கள். மேலே தெருவில் வழக்கம்போல் பஸ் ஓடும், கடை நடக்கும். தலைக்கு மேல் எவ்வளவு பாறை இருக்கிறதோ அவ்வளவுக்கு மேலே உள்ள அடுக்குமாடிகளின் அஸ்திவாரத்துக்கு ஆபத்து குறைவு. ஆழம் குறைவாகப் போயிருந்தால் கட்டடங்களின் ஆழ்துளைத் தூண்களோடும் பழைய பதுங்கு குகைகளோடும் மல்லுக்கு நிற்க வேண்டியிருக்கும்.

பதுங்கு குகைகள் என்று சொன்னேன் அல்லவா, அதற்கு ஒரு வரலாறு உண்டு. ஜப்பானுடனான போரில் சீன அரசு தலைநகரைச் சோங்சிங்குக்கு மாற்றியது. 1938 முதல் 1943 வரை ஜப்பானிய விமானங்கள் இந்த ஊரின் மேல் குண்டு போட்டன. மக்கள் பாறையைக் குடைந்து ஒளிந்துகொண்டார்கள். 1941 ஜூன் 5 இரவு, பல மணி நேரம் நீண்ட தாக்குதலில், நெரிசலாக நிரம்பிய ஒரு பெரிய சுரங்கத்துக்குள் காற்றில்லாமல் மூச்சுத் திணறியும் மிதிபட்டும் ஏராளமானோர் இறந்தார்கள். அந்த இடத்தின் நினைவுச் சின்னம் ஜியாவ்சாங்கோவில் இருக்கிறது. அங்கே இப்போது 1, 2-ஆம் வழித்தடங்கள் சந்திக்கும் மெட்ரோ நிலையமும் இருக்கிறது. மிஞ்சிய குகைகள் பலவற்றில் இன்று ஹாட்பாட் உணவகங்கள் நடக்கின்றன. கோடையில் சிலவற்றை மக்கள் உட்கார்ந்து இளைப்பாறத் திறந்துவிடுகிறார்கள். ஹோங்யான்சுன்னுக்கும் அந்தக் காலத்தோடு தொடர்பு உண்டு. போர்க்காலத்தில் கம்யூனிஸ்ட் கட்சியின் தென்பகுதி அலுவலகம் அங்கேதான் இயங்கியது. பின்னாளில் சீனப் பிரதமரான சூ என்லாய் அங்கே இருந்தார். 1945-இல் அன்றைய சீன அரசின் தலைவர் சியாங் கை ஷேக்குடன் பேச்சுவார்த்தைக்கு வந்த மாவோவும் அங்கே தங்கினார். இப்போது அது அருங்காட்சியகம்.

நூறு மீட்டர் ஆழத்தில் காற்றுக்கு என்ன வழி, தீப்பிடித்தால் என்ன வழி என்று நீங்கள் கேட்டால் அது நியாயமான கேள்வி. காற்றுக்கு, மலையைத் துளைத்து மேலே வரும் தனிக் கிணறுகளும் பெரிய விசிறிகளும் இருக்கின்றன. நடைமேடைக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே கூரை வரை கண்ணாடிக் கதவு இருப்பதால் சுரங்கத்தின் சூடும் காற்றும் தனி, பயணிகள் நிற்கும் இடத்தின் குளிர்பதனம் தனி. தீ விஷயத்தில் சீன மெட்ரோ விதிகள், நடைமேடையில் இருப்பவர்கள் எல்லோரும் 6 நிமிடத்துக்குள் பாதுகாப்பான பகுதிக்குப் போய்ச் சேர வேண்டும் என்கின்றன. ஹோங்யான்சுன்னில் 6 நிமிடத்தில் தெருவுக்கு யாராலும் ஓடிவர முடியாது. ஆகவே இங்கே பாதுகாப்பான பகுதி என்பது தெரு இல்லை. புகை வராதபடி பிரித்து வைத்த, தீக்கதவுகளுக்கு அப்பால் உள்ள மேல்தளங்களும் வழிகளும். நடைபாதைகளில் போகும்போது சுவரோடு சுவராகக் கனத்த பெரிய கதவுகள் திறந்த நிலையில் நிற்பதைப் பார்க்கலாம். அவை போர்க்காலப் பாதுகாப்புக்கானவை. சீனாவில் சுரங்க நிலையங்களை அந்த உபயோகத்தையும் மனத்தில் வைத்தே கட்டுகிறார்கள்.

இனி மேலே வரும் நேரம். எஸ்கலேட்டரின் சாய்வு 30 டிகிரி. அந்தச் சாய்வில், ஏறும் உயரத்தைப்போல் இரு மடங்கு நீளம் ஓட வேண்டும். 116 மீட்டர் ஏற 232 மீட்டர். சீன மெட்ரோக்களில் வழக்கமான வேகம் வினாடிக்கு 0.65 மீட்டர். ஆக, அசையாமல் நின்றுகொண்டே வந்தால் எஸ்கலேட்டரில் மட்டும் 6 நிமிடம். 94 மீட்டருக்கு 5 நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. நடுவில் ஒன்றிலிருந்து இறங்கி அடுத்ததற்கு நடக்கும் தூரம், வளைவுகள், டிக்கெட் கதவு எல்லாம் சேர்த்தால் பத்து நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடிவாரத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் மேல் முனை தெரியும், அங்கேதான் தெரு என்று தோன்றும். அங்கே போய்ச் சேர்ந்தால் இதே மாதிரி இன்னொன்று தொடங்கும். உள்ளூர்க்காரர்கள் அண்ணாந்து பார்ப்பதே இல்லை. ஃபோனில் மூழ்கியிருப்பார்கள், முனை வந்ததும் தலை நிமிராமலே கால் எடுத்து வைத்து அடுத்ததில் ஏறிக்கொள்வார்கள்.

லிஃப்ட் வைத்திருக்கலாமே என்று தோன்றும். லண்டனின் ஹாம்ப்ஸ்டெட் நிலையம் 58 மீட்டர், 1907 முதல் லிஃப்ட்தான். அமெரிக்காவில் போர்ட்லண்டின் வாஷிங்டன் பார்க் நிலையம் 79 மீட்டர், அங்கேயும் லிஃப்ட். ஆனால் அங்கெல்லாம் ஒரு ரயிலில் இறங்குவோர் கொஞ்சம் பேர். சோங்சிங்கில் ஒரு ரயிலில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஏறலாம். மாறும் நிலையத்தில் அதில் ஒரு பெரிய கூட்டம் இறங்கலாம். சில நிமிடத்தில் அடுத்த ரயில் வந்துவிடும். இருபது முப்பது பேர் ஏறும் லிஃப்ட்டை வைத்துக்கொண்டு அந்தக் கூட்டத்தைக் கரைக்க முடியாது. எஸ்கலேட்டர் மெதுவாகத்தான் போகும், ஆனால் வரிசை நிற்காது. ரஷ்யாவில் செய்வதைப்போல ஒரே மூச்சில் நூறு மீட்டருக்கு மேல் நீளமான எஸ்கலேட்டர் போடாமல் ஏன் துண்டு துண்டாகப் போட்டார்கள்? துண்டாக இருந்தால் ஒன்று பழுதானால் அந்தப் பகுதியை மட்டும் நிறுத்தலாம், யாராவது சரிந்து விழுந்தாலும் நூறு மீட்டர் உருள மாட்டார்கள். அப்புறம், வாயில்கள் வெவ்வேறு உயரத்தில் இருக்கும் மலைச்சரிவில் நடுநடுவே பிரிந்து போகவும் வழி வேண்டும்.

இந்த ஊருக்கு இதெல்லாம் புதிதும் இல்லை. லியாங்லுகோவிலிருந்து சாய்யுவான்பா ரயில் நிலையத்துக்கு இறங்க, 1996-இலேயே 112 மீட்டர் நீளத்துக்கு ஒரு எஸ்கலேட்டர் போட்டு, காசு வாங்கிக்கொண்டு ஓட்டினார்கள். இன்றும் ஓடுகிறது, கட்டணம் 2 யுவான். கைஷுவான் சாலையில் மேல் தெருவையும் கீழ் தெருவையும் இணைக்கும் லிஃப்ட் 1986-இல் வந்தது. பஸ்ஸுக்குக் கொடுப்பதுபோல் 1 யுவான் கொடுத்து ஏறுவார்கள். பைஷியாங்ஜு என்ற 24 மாடிக் குடியிருப்பில் லிஃப்டே கிடையாது. ஆனால் 1, 10, 15-ஆம் மாடிகள் மூன்றும் மூன்று வெவ்வேறு தெருக்களில் திறக்கின்றன, அதனால் சமாளிக்கிறார்கள். ‘தரைமட்டம்’ என்று எதைச் சொல்வது என்பதே இங்கே தகராறு.

உலகிலேயே ஆழமான நிலையம் எது என்ற போட்டியும் அதே தகராறுதான். உக்ரைன் தலைநகர் கீவில் உள்ள அர்செனல்னா நிலையம், 105.5 மீட்டர், 1960-இல் திறந்தது. வெகுகாலம் அதுதான் முதலிடம். ஹோங்யான்சுன் அதைத் தாண்டிவிட்டது என்று இப்போது எழுதுகிறார்கள். எண்ணைப் பார்த்தால் தாண்டிவிட்டதுதான். ஆனால் மலைச்சரிவில் இருக்கும் நிலையத்துக்கு எந்த வாயிலிலிருந்து அளக்கிறோம் என்பதைப் பொறுத்து எண் மாறும், ஆகவே இந்தப் பட்டத்தை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. எனக்குச் சுவாரசியமாகப் படுவது இரண்டுக்கும் உள்ள ஒற்றுமை. அர்செனல்னா தினிப்ரோ ஆற்றங்கரையின் உயரமான மேட்டுக்கு அடியில் இருக்கிறது. அதற்கு அடுத்த நிலையம் ஆற்றங்கரையில், பாலத்தின் மேல், வெட்டவெளியில் இருக்கிறது. ஹோங்யான்சுன்னும் ஜியாலிங் கரை மேட்டுக்கு அடியில்தான். 5-ஆம் வழித்தடம் அங்கிருந்து வடக்கே போனால் ஈரடுக்குப் பாலத்தின் கீழ்த்தளத்தில் ஆற்றைக் கடக்கிறது. அறுபது வருட இடைவெளியில், இரண்டு நாட்டுப் பொறியாளர்கள் ஒரே கணக்குக்கு ஒரே விடை எழுதியிருக்கிறார்கள்.

கடைசியாக அப்பா விஷயம். தாராளமாக அழைத்துப் போகலாம், பயப்பட வேண்டியதில்லை. ஆழமான நிலையங்களில் உண்மையில் முழங்காலுக்கு வேலை குறைவு, நிற்கத்தான் வேண்டும். தொல்லை கொடுப்பது ஆழம் குறைந்த இடங்களும் வெளியே உள்ள படிக்கட்டுகளும்தான். எந்த நிலையத்தில் இறங்குவது என்பதைவிட எந்த வாயிலில் வெளியே வருவது என்பது இந்த ஊரில் முக்கியம். தப்பான வாயிலில் வந்துவிட்டால் நீங்கள் போக வேண்டிய இடம் நூறு மீட்டர் தூரத்தில் இருப்பதாக மேப் காட்டும். அது தலைக்கு மேல் ஐம்பது மீட்டரில் இருக்கும். வாயில் எண்ணை ஹோட்டல்காரரிடமே முன்கூட்டிக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சக்கர நாற்காலிக் குறி போட்ட பலகைகளைத் தொடர்ந்தால் லிஃப்ட் வரும், ஆனால் எல்லா வாயிலுக்கும் லிஃப்ட் இருக்காது. டிக்கெட் கதவருகே நிற்கும் ஊழியரிடம் ஃபோனில் மொழிபெயர்த்துக் காட்டினால் போதும்.

விமான நிலையத்தின் மூன்றாம் முனையத்தில் இறங்கினால் 10-ஆம் வழித்தடம் வாசலிலேயே இருக்கிறது. ஷியாவ்ஷிட்சு பக்கம் தங்குவதாக இருந்தால் ஹோங்டுடியில் 6-ஆம் தடத்துக்கு மாறலாம். அந்த மாற்றத்தில் 94-இலிருந்து 60 மீட்டருக்குத்தான் ஏறுவீர்கள், மேலே வரை வர வேண்டாம். மாலை நெரிசலில் பெட்டி படுக்கையோடு அதைச் செய்யாதீர்கள். எஸ்கலேட்டரில் பெரிய பெட்டியைப் பிடித்துக்கொண்டு அவர் நிற்பது சிரமம், அன்றைக்கு மட்டும் டாக்ஸி எடுங்கள். எல்லா நிலையத்திலும் உள்ளே நுழையும்போது பையை எக்ஸ்ரேயில் போடச் சொல்வார்கள், அதற்கும் ஒரு தூக்கல் இருக்கிறது. கட்டணம் 2 யுவானில் தொடங்குகிறது.

ஜூலை, ஆகஸ்டைத் தவிர்த்துவிடுங்கள். 2022 ஆகஸ்டில் இந்த மாநகர எல்லைக்குள்ளேயே உள்ள பெய்பெய்யில் 45 டிகிரி அடித்தது. கோடையில் பல மெட்ரோ நிலையங்களில் ஓரமாக நாற்காலி போட்டு இளைப்பாற இடம் ஒதுக்குகிறார்கள். டிக்கெட் எடுக்காதவர்களும் வந்து உட்காரலாம். விசிறியும் சீட்டுக்கட்டுமாக அங்கே பெரியவர்கள் கூட்டம் இருக்கும். வெயில் காலத்தில்தான் போயாக வேண்டும் என்றால் நடுவில் அப்பாவை அங்கே உட்கார வைத்துவிட்டு நீங்கள் மேலே போய்ச் சுற்றிவிட்டு வரலாம். அக்டோபரிலோ ஏப்ரலிலோ போனால் அதற்கும் அவசியம் இருக்காது.